வீட்டுக்குப் போ என்றால் எந்த வீட்டுக்கு?



மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை இப்போது கேட்டோம். கெரசேனர் பகுதியில் தீய ஆவி பிடித்த ஒருவரின் கதை. இதைக் கேட்டால் முதலில் பன்றிகள்தான் நம் மனதில் நிற்கும். அவரைவிட்டு வெளியேறிய ஆவிகள் புகுந்த இரண்டாயிரம் பன்றிகள் சரிவில் ஓடிக் கடலில் விழுவதை மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை கேட்ட பிள்ளை மறப்பதில்லை. பன்றிகளுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் அந்த மனிதர் எங்கே குடியிருந்தார் என்று பாருங்கள். கல்லறைகளின் நடுவே. மாற்கு சுருக்கமாக எழுதுகிறவர். தேவையில்லாமல் எதையும் திருப்பிச் சொல்லமாட்டார். ஆனால் இந்தக் கல்லறையை மட்டும் நான்கு வசனங்களுக்குள் மூன்று தடவை சொல்கிறார். ஊருக்குள் அவருக்கு இடமில்லை என்பது நம் காதில் விழவேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

நம் கடலூர் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும், வாய்க்கால் புறம்போக்கிலும், சுடுகாட்டுக்குப் போகும் பாதையிலும் குடிசை போட்டிருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் இருளர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். அரசுப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள தொல்பழங்குடிகளில் ஒரு பிரிவினர். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனால் சுரபுன்னைக் காட்டுக்குள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்க்கலாம். மேற்கே வந்தால் அதே மக்கள் கரும்பு வெட்டுக்கும், சவுக்கு வெட்டுக்கும், செங்கல் சூளைக்கும் போகிறார்கள்.

வீடற்றவர் என்றால் சென்னையில் பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவரைத்தான் நாம் நினைக்கிறோம். இவர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயாவது இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் மண் அவர்களுடையது இல்லை. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது. ஆக்கிரமிப்பு அகற்ற இயந்திரம் வந்தால் முதலில் போவது அவர்கள் குடிசை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல். ஒவ்வொரு தடவையும் பரவனாறும் பெருமாள் ஏரியும் பொங்கும்போது முதலில் நனைவதும் அந்தக் குடிசைதான். கூரை இருந்தும் வீடற்றவர்கள் இவர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இருளர்களுக்குத் தீய ஆவி பிடித்திருக்கிறது என்றோ, குடிக்கிறவர்களுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றோ நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது இந்த நற்செய்தியை வாசித்தால் தப்பாக வாசிக்கிறார். ஊர் அந்த மனிதருக்கு என்ன செய்தது, இயேசு என்ன செய்தார், இதை மட்டும் பாருங்கள்.

ஊர் அவருக்குச் சங்கிலி போட்டது. காலில் விலங்கு மாட்டியது. அது ஒரு தடவை பலிக்கவில்லை, பல தடவை பலிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி யோசிக்கவில்லை. அவர் இரவும் பகலும் கற்களால் தம்மையே காயப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் காயத்துக்கு யாராவது ஒரு துணியாவது கட்டினார்களா? மாற்கு அப்படி எதுவும் எழுதவில்லை. இயேசுவோ முந்தின இரவு புயலடித்த கடலைத் தாண்டி அங்கே வருகிறார். அந்தக் கரையில் அவர் வேறு போதனை செய்யவில்லை, வேறு யாரையும் குணமாக்கவில்லை. ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படகேறிவிடுகிறார். போனவர் கேட்ட முதல் கேள்வி, உம் பெயர் என்ன என்பது.

நம் பகுதியில் இருளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? எழுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பையன் 'ஏய் வில்லி' என்று சாதிப் பெயரால் கூப்பிடுவதும், அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வருவதும் நம் கண் எதிரே நடப்பதுதான்.

நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு வண்டியில், ஒரு செவிலியரையும் சேர்த்துக்கொண்டு, இந்தக் குடியிருப்புகளுக்கும் சூளைகளுக்கும் போய்வரலாமா என்று கேட்கிறார்கள். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய சபை அது. ஏழை நம்மைத் தேடி வரும்வரை காத்திருக்காமல் அவர் இருக்குமிடம் போவதுதான் அதன் முதல் வேலை. ஆகவே கேட்டது நியாயம்தான். என் யோசனையெல்லாம் அந்த வண்டியில் எதை ஏற்றிக்கொண்டு போவது என்பதில்தான். அரிசியும் பழைய சேலையும் மட்டும் என்றால் அது கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாரும் செய்கிறதே.

தீங்கைக் குறைத்தல் என்று மருத்துவத் துறையில் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலேயே அவரைச் சந்திப்பது. அவர் மாறினால்தான் உதவி என்று சொல்லாமல், இன்றைக்கு அவருக்கு வரக்கூடிய சேதத்தைக் குறைப்பது. இரண்டு மூன்று உதாரணம் சொன்னால் புரியும்.

தரையில் படுக்கிறவரை இரவில் கட்டுவிரியன் கடிக்கிறது. பல நேரம் கடி வலிக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுவார், கண் இமை தூக்க முடியாமல் சரியும், பிறகு மூச்சு நிற்கும். இவருக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும், ஐயமே இல்லை. ஆனால் வீடு வரும்வரை ஒரு கொசுவலை வேண்டும், அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் சொருகத் தெரியவேண்டும், ஒரு டார்ச் லைட் வேண்டும். கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக ஒரு போன் நம்பர் வேண்டும். இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் இந்த நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாடு முழுவதும் உயிர் பிழைக்க மருந்து தந்த மக்களுக்கு ஒரு கொசுவலையைத் தருவதற்கு நாம் கூட்டம் போட்டு யோசிக்கிறோம்.

வயலில் எலி பிடிக்கிறவர்கள் மண்சட்டியில் புகை மூட்டி வாயால் வளைக்குள் ஊதுவார்கள். ஊதும் புகையில் பாதி அவர்கள் நெஞ்சுக்குள்ளேயே போகும். கையும் வாயும் வெந்துபோகும். எலி பிடிப்பதை விடு, வேறு தொழில் பார் என்று புத்தி சொல்வது சுலபம். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. கையால் சுற்றும் இரும்புக் கருவி ஒன்றைச் செய்தது. புகை வளைக்குள் போனது, நெஞ்சு பிழைத்தது, எலியும் கூடுதலாகக் கிடைத்தது. 2003-இல் உலக வங்கி அதற்குப் பரிசு நிதி கொடுத்தது.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். குடி.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாராயத்தில் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். மெத்தனால் முதலில் சாதாரண போதை போலத்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்து வயிறு வலிக்கும், வாந்தி வரும், கண் மங்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்க வழியும் உண்டு. போலீசுக்குப் பயந்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொண்டால் எதுவும் உதவாது. ஆகவே நம் வண்டியில் போகிறவர் அங்கே சொல்லவேண்டிய வார்த்தை இதுதான்: யார் காய்ச்சியது என்று தெரியாத பாக்கெட்டைத் தொடாதீர்கள் ஐயா, வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், தனியாகக் குடிக்காதீர்கள், கண் மங்கினால் எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள், ஏன் குடித்தாய் என்று கேட்கமாட்டோம்.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது பீடத்திலிருந்தே தெரிகிறது. சாமியார் குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாரே! நமக்குத் தெரிந்த வழி வேறு. மாதா சுரூபத்தின் முன் நிறுத்தி, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவது. அந்தச் சத்தியம் சிலரை மீட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் நாள் தவறாமல் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், பிதற்றல் வரும், வலிப்பு வரும். சிலர் இறந்தும் போவார்கள். மருத்துவர் பக்கத்தில் இருந்து, மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து இறக்கவேண்டிய பாரம் அது. சத்தியம் வாங்கி அனுப்பிவிட்டு அன்றிரவு அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்காதவர் பக்திமானாக இருக்கலாம், அவருக்கு உதவியவர் ஆகமாட்டார். காசநோய்க்கும் இதே கதைதான். குடித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு அன்றைய மாத்திரையை விடுவார்கள், செவிலியரைப் பார்த்தால் ஒளிவார்கள். நீ குடித்தாலும் மாத்திரை நிற்கக்கூடாது, குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதே, கண் மஞ்சளானால் உடனே சொல் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அந்த ஆறு மாதத்தையும் அவர் கடந்துவிடுவார்.

இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் சந்துபொந்துகளில் செத்துக் கிடந்தபோது, அவர்கள் சாகாமல் காக்க ஒரு கண்காணிப்பு மையத்தை நடத்தக் கத்தோலிக்கக் கன்னியரின் ஒரு சபை முன்வந்தது. பாவத்துக்குத் துணைபோவதாகிவிடுமோ என்ற கேள்வியில் 1999-இல் வத்திக்கான் அதை நிறுத்தச் சொன்னது. அங்குள்ள இன்னொரு திருச்சபை அதை எடுத்துக்கொண்டு 2001-இல் திறந்தது. கனடாவின் வான்கூவரில் 2003-இல் அப்படி ஒன்று திறந்தார்கள். அந்தத் தெருக்களில் வீடில்லாமல் திரிகிறவர்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருக்கிறார்கள். நிலம் போனவர்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே கதிதான் போலிருக்கிறது. நம் நாட்டிலும் அரசே, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியாக, ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிறது. வத்திக்கான் கேட்ட கேள்வி தள்ளக்கூடிய கேள்வி இல்லை; அறநெறியில் அதற்கு இடமுண்டு. ஆனால் கொசுவலைக்கும் பி1 மாத்திரைக்கும் அந்தக் கேள்வி பொருந்தாது என்பது என் தெளிவு. உயிரோடிருப்பவர்தான் மனம் திரும்ப முடியும்.

இதைப் படிக்க நாம் சிட்னிவரை போகவே தேவையில்லை, வடலூர் போனால் போதும். 1867 மே 23-இல் வள்ளலார் அங்கே தருமசாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. புலால் உண்பவர்களைத் தம் நெறிக்குப் புறத்தே இருப்பவர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர். அவரே, பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறிடவேண்டும் என்றார். தம் கொள்கையையும் தளர்த்தவில்லை, இலையைப் போடுவதற்கு முன் அதை நிபந்தனையாக்கவும் இல்லை. நம் பக்கத்து ஊர்க்காரர் செய்து காட்டியதை நாம் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறோம்.

போகிற விதம் பற்றிச் சில வார்த்தை. இரவில் வண்டி விளக்கைப் பார்த்தால் இருளர் குடியிருப்பில் ஆண்கள் எழுந்து ஓடுவது உண்டு. காரணம் இருக்கிறது. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் பிடிக்கப்படுவது பழங்குடிகள்தான். நம் மாவட்டத்து முதனை ராசாக்கண்ணு 1993-இல் ஒரு திருட்டுப் புகாரில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. அவர் குறவர், 'ஜெய் பீம்' படத்தில் இருளராகக் காட்டினார்கள். அவர் மனைவி சலிக்காமல் போராட, வழக்கறிஞர் சந்துரு துணை நின்று, நீதி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே பகலில் போங்கள். வாரந்தோறும் ஒரே கிழமை, ஒரே நேரம், அதே ஆட்கள் போங்கள். ஒரு வாரம் போய் இரண்டு வாரம் விட்டால் போகாததைவிடக் கெடுதி. போட்டோ எடுக்காதீர்கள். ஆதார் கேட்காதீர்கள். சூளைக்கு முன்பணம் வாங்கி ஆறேழு மாதம் போய்விடும் குடும்பத்தின் மாத்திரையும், கர்ப்பிணியின் பரிசோதனையும் பாதியில் நிற்காமல் இருக்க, வண்டி அந்தச் சூளைக்கே போகவேண்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் வீடு தேடி வரும் திட்டம் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டுமே.

என்ன தேவை என்று அவர்களைக் கேளுங்கள். திருத்தந்தை பிரான்சிசின் தர்மப் பணிகளைக் கவனித்த பேராயர் கொன்ராட் கிரயேவ்ஸ்கி, ரோமில் வீடற்ற ஒருவரைச் சாப்பிட உணவகத்துக்கு அழைத்தார். என்மேல் நாற்றம் அடிக்கிறது, வரமாட்டேன் என்றாராம் அவர். அவர்களுக்குச் சாப்பாட்டைவிடக் குளிக்க இடம்தான் கிடைக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. 2015-இல் புனித பேதுரு பேராலயத் தூண்களின் ஓரமாகவே குளியலறைகள் கட்டினார்கள், முடிதிருத்தவும் ஏற்பாடு செய்தார்கள். நாம் கேட்டால் இங்கே என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. டார்ச் லைட்டாக இருக்கலாம். சாதிச் சான்றிதழாகவும் இருக்கலாம்.

கையில் பைபிளும் செபமாலையும் வேண்டாம். இதையும் நற்செய்தியிலிருந்தே சொல்கிறேன். குணமான மனிதர் தாமும் கூட வருவதாக இயேசுவைக் கெஞ்சுகிறார். இயேசு அவரைப் படகில் ஏற்றவில்லை. இவ்வளவு பெரிய புதுமைக்குப் பிறகு ஒரு சீடரைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பை அவரே விட்டுவிடுகிறார். நம் எண்ணிக்கையைக் கூட்ட நாம் போகவில்லை.

பன்றிகளுக்கு வருகிறேன் என்றேன். ஊரார் ஓடி வந்து பார்க்கிறார்கள். நேற்றுவரை கல்லறையில் அலறியவர் உடை உடுத்தி, அறிவுத் தெளிவோடு உட்கார்ந்திருக்கிறார். மகிழ்ந்திருக்க வேண்டாமா? அவர்களுக்குப் பயம் வருகிறது; பன்றிகளுக்கு நேர்ந்ததையும் கேட்ட பிறகு, எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவையே வேண்டிக்கொள்கிறார்கள். ஒரு மனிதர் எழுந்து உட்கார்ந்ததற்கு ஆன செலவு அவர்களுக்குக் கட்டவில்லை. நமக்கும் பன்றிகள் உண்டு, சகோதரரே. கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976-இல். முன்பணம் கொடுத்து ஒரு குடும்பத்தையே சூளையிலோ கரும்புக் காட்டிலோ பிடித்துவைப்பது சட்டத்தால் ஒழிந்தது, நடைமுறையில் ஒழியவில்லை. அந்தக் கணக்கு நோட்டு வைத்திருப்பவர் இந்தக் கோயிலுக்கு வருகிறவராக இருந்தால், வண்டிக்கு அவர் கொடுக்கும் டீசல் காசை நான் வாங்கமாட்டேன். நோட்டைக் கிழித்துவிட்டு வந்தால் வாங்குகிறேன். இன்னொரு பன்றியும் இருக்கிறது. இருளருக்குப் பட்டா கொடுக்க இடம் பார்க்கும்போது, எங்கள் தெருப் பக்கம் வேண்டாம் என்று மனுப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதில் நம் கையெழுத்து இருக்கக்கூடாது.

ஏனென்றால் இயேசு அந்த மனிதரைப் படகில் ஏற்றாமல், உம் வீட்டுக்கு, உம் உறவினரிடம் போம் என்று அனுப்பினார். கெரசேனருக்குப் போக ஒரு வீடு இருந்தது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டு, காசநோய் தீர்ந்து, குடியும் குறைந்து எழுந்து நிற்கும் ஓர் இருளரிடம் நாம் அதையே சொன்னால், எந்த வீட்டுக்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். 2023 நவம்பர் 15-இல் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் இருளருக்கு வீடு உண்டு, நடமாடும் மருத்துவ வண்டியும் உண்டு. ஆனால் வீட்டுக்கு மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். சலுகை கேட்கும் இடமெல்லாம் பழங்குடிச் சான்றிதழ் கேட்பார்கள். அதைக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். அந்தச் சான்றிதழுக்காகப் பத்து வருடம் நடந்த குடும்பங்கள் உண்டு. பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிப் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இந்த நடையைத்தான். ஆகவே நம் வண்டியில் மருந்துப் பெட்டியோடு ஒரு மனு நோட்டும் இருக்கட்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு போய், அவர்களைப் பேசவிட்டு, நாம் பின்னால் நிற்கவேண்டும்.

திருப்பலி முடிந்ததும் மணிக்கூண்டு அருகே வின்சென்ட் சபையினர் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள், நர்சிங் படித்த பிள்ளைகள், மனு எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பெயர் கொடுங்கள். கொசுவலை கொடுக்க நினைப்பவர்கள் இரட்டைப் படுக்கை அளவில், புதிதாக வாங்கிக் கொடுங்கள். வீட்டில் கிழிந்து கிடப்பது வேண்டாம்.